நடுவில் இடம் இருக்கிறது

"உள்ள போங்கம்மா, நடுவுல எடம் இருக்கு பாருங்க, எல்லாரும் படியிலயே நின்னா எப்படி?" நடத்துநர் தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் சொல்வது பொய்யில்லை, இடம் இருக்கத்தான் இருக்கிறது. ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நூற்றில் இருபத்தாறு பங்கு காலியாகவே இருக்கும், அதற்கு மேல் நெருக்க யாராலும் ஆகாது, இதை வருஷா வருஷம் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறவள் நான்தான். ஆனால் உருண்டைக்கு முழங்கை கிடையாது, தோளில் மாட்டிய பை கிடையாது, காலையில் தின்ற வெங்காய ஊத்தாப்பத்தின் ஏப்பம் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது கிடைக்கும் என்று நம்பிய ஜன்னல் சீட்டு மெயின்கார்டுகேட் வருவதற்குள் ஒரு ஒற்றைக்கால் நிற்கும் இடமாகிவிட்டது. வலது கை மேல்கம்பியில். இடது கை நெஞ்சோடு அணைத்த துணிப்பையில். பைக்குள் நகைக்கடை மோதிரப் பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் என் கட்டைவிரல் நகம் அளவு ஒரு படிகம். இது துவாக்குடி போய்ச் சேர வேண்டும், மத்தியானத்துக்குள், முழுசாக. அங்கே இருக்கும் பெரிய ஆய்வுக்கூடத்தில் இன்று ஒருநாள்தான் எங்களுக்கு இயந்திரம் கொடுத்திருக்கிறார்கள். இன்று விட்டால் அடுத்த முறை எப்போது என்று அவர்களுக்கே தெரியாது, எனக்கோ ஆய்வேட்டைக் கொடுக்கக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது, இரண்டு தடவை நீட்டி வாங்கியாகிவிட்டது, மூன்றாவது தடவை போய் நின்றால் பல்கலைக்கழகக் குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தே சிரிப்பார். "ஆட்டோ வேண்டாம் சகாயமேரி, குலுங்கும். பஸ்ல ஏறி உக்காந்து மடியில வச்சுக்கிட்டுப் போயிடுங்க" என்று நேற்று ஞானப்பிரகாசம் சார் சொன்னார், என் வழிகாட்டி, படிகங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. டவுன் பஸ்ஸில் காலை நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது என்பது மட்டும் தெரியாது. அவர் பஸ் ஏறி இருபது வருஷமாவது இருக்கும். காரில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. வராது.

லித்தியம் சல்ஃபேட். பெயரில் ஒன்றும் பெரிய கவர்ச்சி இல்லை. கந்தகத்தைச் சுற்றி நாலு ஆக்சிஜன், அது குண்டான எதிர்மின் அயனி, அந்தக் குண்டர்கள் முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் விடும் சந்துகளில்தான் லித்தியம், நேர்மின் அயனிகளிலேயே நண்டுசிண்டு. நாலு ஆக்சிஜனுக்கு நடுவில் ஒரு சந்து, அதில் ஒரு லித்தியம். பெரியதுகள் அடுக்கும், சின்னதுகள் இடுக்கில் நுழையும், உலகத்தில் பாதி உப்புகள் இப்படித்தான் நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் இந்தப் பஸ்ஸும். எனக்கு எதிரே, காந்தி மார்க்கெட்டில் ஏறிய அம்மாள், காலடியில் முருங்கைக்காய்க் கட்டு, இடுப்பு அகலம் ஒரு சீட்டு. வலப்பக்கம் தூணைக் கட்டிக்கொண்டு தூங்கும் ஒரு நர்ஸ் பெண். இடப்பக்கம் பச்சைத் தாவணிச் சீருடையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பத்தாவதோ பதினொன்றோ, முதுகில் மூட்டைபோலப் புத்தகப்பை. பின்னால் யாரோ. பின்னால் யார்? சோப்பு வாசனை, நல்ல சந்தனச் சோப்பு, குளித்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. என் கைக்குப் பக்கத்தில் கம்பியில் ஒரு கை, முழுக்கைச் சட்டை, மடிப்பு கலையாத இஸ்திரி, எஃகுப் பட்டை வைத்த கைக்கடிகாரம். மரியாதையான கை. படிகத்தை நினை, சகாயம். ஒன்றரை மாதம் பீக்கரில் உட்கார்ந்து, மேலே கட்டிய பாலிதீன் தாளில் குத்திய சின்ன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் அவசரப்படாமல் வெளியேற, அயனிகள் ஒவ்வொன்றாக வந்து அததற்குரிய இடத்தில் அமர்ந்து வளர்ந்தது. அதற்கு முந்தியதை ஜெனரேட்டர் அதிர்வு பொடியாக்கியது. அதற்கு முந்தியதில் பல்லி விழுந்தது. அதற்கும் முந்தியதை அழுக்குத் தண்ணீர் என்று நினைத்து ஆய்வகத்தைக் கூட்டுகிறவர் கழுவி ஊற்றிவிட்டு, "பாத்திரத்தப் பளிச்சுனு ஆக்கி வச்சிட்டேம்மா" என்றார். இது ஒன்றுதான் கண்ணாடியாக வந்தது. சின்ன அதிர்ச்சிக்குக் கீறல் விடும், உள்ளங்கைச் சூட்டுக்கே விரியும், ஆகவே பிடியை இறுக்காதே, தளர்த்தவும் தளர்த்தாதே. பின்னால் என்னவோ படுகிறது.

பையாக இருக்கும். லஞ்ச் பை. எல்லோரும் கொண்டுவருகிறார்கள், டிபன் கேரியர், தண்ணீர் பாட்டில், பஸ் குலுங்கும்போது இடிக்கும், இடித்துவிட்டு விலகும். இது விலகவில்லை. பஸ் குலுங்காதபோதும் இருக்கிறது. ஒரு கை கம்பியில் இருக்கிறது, கடிகாரம் கட்டிய கை. இன்னொரு கை எங்கே? யோசிக்காதே, அயனியை யோசி. ஒரு நேர்மின் அயனியைச் சுற்றி எதிர்மின் அயனிகள்தான் உட்காரும், தன் இனம் பக்கத்தில் வந்தால் தள்ளும், அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்று, ஒன்றுவிட்டு ஒன்று, மூன்று திசையிலும், தப்பே இல்லாமல் கோடிக்கணக்கில். எங்கே இன்னொரு கை? பை என்றால் மடிப்பு இருக்கும், கைப்பிடி இருக்கும், பைக்குச் சூடு இருக்காது. சேசுவே. பைதான் என்று வைத்துக்கொள்வோம், பை என்றால் நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, எத்தனை வசதி. முப்பத்துநாலு வயதாகிறது, தினம் நாலு பஸ் மாறுகிறவள், இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று என் கைக்குத் தெரியும், என் புத்தியைக் கேட்காமலே செய்யும், தாவணி போட்ட காலத்திலிருந்து இடது தோள்பட்டையில் ஒரு ஊக்கு உபரியாகக் குத்தியிருப்பேன், எடுத்துத் திறந்து சும்மா பின்பக்கம் பிடித்தால் போதும், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஆள் நகர்ந்துவிடுவான், அவனும் பேசமாட்டான், பேசினால் கை எங்கே இருந்தது என்று சொல்லவேண்டி வருமே. ஊக்கு. தோள்பட்டையில் இல்லை. சத்திரத்தில் நிற்கும்போது இந்தப் பையின் ஜிப் பல்லைக் காட்டிவிட்டது, சித்தி மகள் கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பை, ஜிப் எத்தனை நாளைக்கு வரும், பெட்டி வெளியே விழுந்துவிடுமே என்று பதறி, பெரிய புத்திசாலி நான், ஊக்கை எடுத்துப் பையின் வாயைச் சேர்த்துக் குத்திக்கொண்டேன். ஆயுதத்தைக் கழற்றிப் பூட்டாகப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் ஏறியிருக்கிறேன். இப்போது ஊக்கை எடுத்தால் பை திறக்கும். எடுக்கக் கம்பியை விட வேண்டும். கம்பியை விட்டால் அடுத்த பிரேக்கில் நான் விழுவேன், நான் விழுந்தால் இது விழும்.

தோளில் மாட்டிய கைப்பையில் போன் அடிக்கிறது. சார்தான். அவருக்கென்று வைத்த மணி அது. அடிக்கட்டும், எந்தக் கையால் எடுப்பது? "கிரிஸ்டல் பத்திரமா?" என்று கேட்பார், நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டாயிற்று, ஒரு தடவைகூட நீங்க பத்திரமா என்று வரவில்லை, வந்தால் எனக்கே பயமாக இருக்கும். பின்னால் அழுத்தம் கூடுகிறது. இப்போது பை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. துவாக்குடி இயந்திரமும் அழுத்தத்தான் போகிறது. இரண்டு உலோகத் தாடைகளுக்கு நடுவில் படிகத்தை வைத்து மெதுவாக அழுத்துவார்கள், உள்ளே அயனிகள் தங்கள் இடத்திலிருந்து ஒரு இம்மி நகரும், நேரும் எதிரும் சமன் குலைந்து படிகம் ஒரு துளி மின்சாரத்தை வெளியே காட்டும். அழுத்தினால் அது சும்மா இருக்காது, அதுதான் அதன் பெருமை, அதற்குத்தான் எனக்குப் பட்டம். நான் சும்மா இருக்கிறேன். கத்து. வாயைத் திறந்து ஒரு வார்த்தை. கத்தினால் என்ன ஆகும்? எல்லோரும் திரும்புவார்கள், தள்ளுமுள்ளாகும், பஸ்ஸை நிறுத்துவார்கள், நான் என்ன பண்ணேன் கூட்டம்னா கை படத்தான் செய்யும் என்று அவன் கேட்பான், முதுகில் நாலு பேர் இடிப்பார்கள், பெட்டிக்குள் படிகம் பஞ்சிலிருந்து பஞ்சுக்கு மோதும். துவாக்குடி இன்னும் அரைமணி நேரம். பொறுத்துக்கொண்டால் அரைமணி நேரம்தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று யார் சொன்னது, அவரை இந்த வண்டியில் என் இடத்தில் நிறுத்த வேண்டும். வகுப்பில் ஒருநாள் சொன்னேன், இடுக்கில் உட்காரும் சின்ன அயனி சுற்றியுள்ள பெரியவற்றைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், தொடாவிட்டால் அடுக்கு நிலைக்காது என்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "தொட்டுக்கிட்டே இருக்கணுமா மேம்?" என்றான், பெஞ்சே சிரித்தது, நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம் என்றேன். அந்த அடுக்கில் யாரிடமும் அடுத்தவரைப் பிடிக்கிறதா என்று கேட்பதில்லை. சந்தனச் சோப்பு.

அன்றைக்கும் கையில் ஒன்று இருந்தது, என் கையில் இல்லை, அம்மா மடியில். வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து திரும்புகிற வண்டி, நான் ஏழாவது, அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது, எனக்குப் பக்கத்தில் நிற்கத்தான் கிடைத்தது. அம்மாவின் மடியில் மாதா சுரூபம், நீலப் போர்வை, தங்கக்கரை, கைக்குழந்தையோடு, வைக்கோலும் செய்தித்தாளும் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய. சுண்ணாம்புச் சாந்தில் செய்தது, கண்ணாடி மாதிரி உடையும். தஞ்சாவூர் தாண்டி என் பின்னால் ஒருவன். எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை, என்னவோ தப்பு என்று மட்டும் தெரிந்தது, அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். பிறகு சுரூபத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே வயல். திருச்சி வரைக்கும் வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஒரு ஊக்கை எடுத்து என் சீருடையில் உள்பக்கமாகக் குத்திவிட்டு, "இது இல்லாம பஸ் ஏறாத" என்றாள், அவ்வளவுதான், ஏன் என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. சுரூபம் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. தினம் அதன் முன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், தினம் அதைப் பார்க்கும்போது எனக்கு மாதா ஞாபகம் வருவதில்லை, வயல் ஞாபகம்தான் வருகிறது. அம்மாமேல் எனக்குக் கோபமா? கோபம்தான். இருபது வருஷத்துக் கோபம், அவளுக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும்போதுகூட உள்ளே இருக்கும்.

பால்பண்ணை. வண்டி நிற்கிறது. தூண் பக்கத்து நர்ஸ் பெண் திடுக்கென்று விழித்து, "இறங்கணும், இறங்கணும்" என்று ஆட்களைப் பிளந்துகொண்டு போகிறாள். தூண் பக்கம் ஒரு ஆள் நிற்கும் இடம் காலி. படிகத்திலும் இப்படி ஒரு ஆள் இல்லாமல் போவதுண்டு, கோடியில் ஒரு இடம் வெற்றாகும், பக்கத்து அயனி ஒன்று அதில் துள்ளி உட்காரும். யோசிக்கவில்லை, கால் தானாக நகர்ந்துவிட்டது, ஒரே எட்டு, தூணில் முதுகைச் சாய்த்துவிட்டேன். பின்னால் இரும்பு. குளிர்ந்த, நேர்மையான இரும்பு. மாதாவே, உமக்கு ஸ்தோத்திரம். வண்டி கிளம்புகிறது. நடத்துநர் மறுபடி, "நடுவுல எடம் இருக்கு பாருங்க." படிகம் பத்திரம், நான் பத்திரம், அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், துவாக்குடி, இந்தத் தூணை விடமாட்டேன், விட்டுக்கொடுக்க நான் என்ன பாரி வள்ளலா. பாடத்தில் நான் அவசரமாகக் கடந்துபோகிற ஒரு வரி உண்டு. அயனி வெற்றிடத்துக்கு நகர்ந்தால் வெற்றிடம் காணாமல் போவதில்லை, அயனி விட்டுவந்த இடத்துக்குப் போய்விடுகிறது. நான் நின்ற இடம் இப்போது காலி. கூட்டம் அதை ஒரு நொடிகூட விட்டுவைக்கவில்லை, படியிலிருந்து ஏறியவர்கள் தள்ளத் தள்ள பச்சைத் தாவணிப் பிள்ளை அங்கே போய் நிற்கிறாள், புத்தகப்பையைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டாள், இடிக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவளுக்குப் பின்னால் கடிகாரம் கட்டிய கை. முதல்முறையாக முகம் தெரிகிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, நெற்றியில் சின்னக் கீற்று, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறான், எங்கள் தெருவில் குடியிருந்தால் காலையில் வணக்கம் சொல்லுவேன்.

அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. கழுத்து மட்டும் விறைத்திருக்கிறது. உதட்டைக் கடிக்கவில்லை, அழவில்லை, தோளைக்கூட அசைக்கவில்லை, பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்கிறவள்போல எதிரே ஒட்டியிருக்கும் ஏதோ விளம்பரத்தைப் படிக்கிறாள், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. எனக்குத் தெரியும் அந்தப் படிப்பு. அது பையாக இருக்கும், பிள்ளை, லஞ்ச் பையாக இருக்கும். இன்னொரு கை எங்கே என்று அவளும் எண்ணிக்கொண்டிருப்பாள். அவளிடம் ஊக்கு இருக்குமா? தாவணிக்குக் குத்தியிருப்பாள், அதை எடுத்தால் தாவணி அவிழும். நான் என்ன செய்ய முடியும்? கை இரண்டும் வேலையில் இருக்கிறது. இதோ காட்டூர் வந்தால் அவள் இறங்கிவிடுவாள், காட்டூர்ப் பள்ளிச் சீருடைதான் அது. பத்து நிமிஷம். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் பார்க்கவில்லை, வெளியே என்ன இருக்கிறது, லாரி ஷெட், டயர் கடை, குப்பைமேட்டுப் புகை. முகம் திரும்பிவிட்டது. என் முகம். ஜன்னல் பக்கம். பையை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறேன். எங்கே பார்த்தேன் இந்தக் கழுத்துத் திருப்பத்தை, இந்தக் கை இறுக்கத்தை? வெளியே வயல் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். அம்மா, நீ இப்படித்தான் கணக்குப் போட்டாயா? சுரூபம் உடையும், பிள்ளை உடையமாட்டாள் என்று? தஞ்சாவூரிலிருந்து திருச்சி கொஞ்ச நேரம்தானே என்று? அந்தப் பிள்ளை விளம்பரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறாள். என்னைத்தான். நான் அம்மாவைப் பார்த்ததைப்போல. அவளுக்குத் தெரியும், ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் நான் நின்றேன் என்று தெரியும், நான் ஏன் நகர்ந்தேன் என்றும் தெரிந்திருக்கும். போன் மறுபடி அடிக்கிறது. கிரிஸ்டல் பத்திரமா. கிரிஸ்டல் பத்திரமா. ஒன்றரை மாதம், அதற்கு முன்னால் ஆறு வருஷம், கெடு, குமாஸ்தாவின் சிரிப்பு, உள்ளங்கைச் சூடு, அடேய், அவள் ஏழாவது படித்த என்னைப்போல இருக்கிறாளே. கம்பியை விட்டது வலது கை. ஊக்கைத் தேடியது. திறந்தது. பையின் வாய் விரிந்ததை உணர்ந்தேன், உணர்ந்துகொண்டே ஒரு எட்டு எடுத்து வைத்தேன், அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இல்லாத ஒரு சந்தில் என் தோளை நுழைத்து, தாவணிக்குப் பின்னால் இருந்த அந்த இன்னொரு கையில், நல்ல சோப்புப் போட்டுக் கழுவிய கையில், ஊக்கை முழுசாக இறக்கினேன்.

"ஏய்!" என்று அவன் அலறினான். "கைய எடுய்யா!" என்று நான் அலறினேன், அது என் குரல்தானா, வகுப்பில் எண்பது பேருக்கு மேல் கேட்கிற குரல், பஸ்ஸுக்குள் கண்ணாடி அதிர்ந்தது. "சின்னப் புள்ளய்யா அது! எவ்வளவு நேரமா பாத்துட்டு இருக்கேன்!" ஓட்டுநர் சடாரென்று பிரேக் போட்டார். பிடிமானம் இல்லாமல் நான் முருங்கைக்காய் அம்மாள்மேல் போய் விழுந்தேன், பை கவிழ்ந்தது, தரையில் ஏதோ தட்டி உருண்ட ஓசை, அத்தனை இரைச்சலிலும் அது மட்டும் தனியாகக் கேட்டது. "என்னம்மா, என்ன பிரச்சன?" நடத்துநர் ஆட்களைத் தாண்டி வருகிறார். "கூட்டம்னா கை படத்தான் சார் செய்யும், இந்தம்மா ஊசியால குத்துது, ரத்தம் பாருங்க" என்று அவன் கையைத் தூக்கிக் காட்டுகிறான், சட்டைக்கை ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அப்போது அந்தப் பிள்ளை, விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு, கீச்சுக்குரலில், "படல. ரொம்ப நேரமா வச்சுக்கிட்டு இருந்தாரு" என்றது. படிகத்தில் ஒரு தளம் ஒரே ஒரு இடம் நகர்ந்தால் போதும், அதுவரை எதிரும் நேருமாகப் பிடித்துக்கொண்டிருந்தவை நேருக்கு நேர், எதிருக்கு எதிர் வந்து நிற்கும், ஒன்றையொன்று உதைத்துத் தள்ளும், அங்கேயே பிளக்கும். காலை எடுத்து வைக்க இடமில்லாத வண்டியில் அவனைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் உண்டாகியிருந்தது. எங்கிருந்து வந்தது அத்தனை இடம்? முருங்கைக்காய் அம்மாள் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு அவனைப் பார்த்து, "ஒன் வீட்டுல பொண்டு புள்ள இல்லியாடா, கட்டையில போறவனே" என்று ஆரம்பித்தாள், அவள் முடிக்கும்போது வண்டி அரியமங்கலத்தில் நின்றது, அவன் இறங்கினான், அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே இறங்கினான். முன்பக்கம் எவனோ, "ஓசி டிக்கெட்டுலயே இம்புட்டு சவுண்டா" என்றான். சில பேர் சிரித்தார்கள். விசில், வண்டி கிளம்பியது, இடம் மறுபடி மூடிக்கொண்டது.

பெட்டியை அந்தப் பிள்ளைதான் சீட்டுக்கு அடியில் குனிந்து எடுத்தாள். மூடி திறந்திருந்தது, பஞ்சில் மண். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையை மூடி வைத்திருந்தாள், திறக்கப் பயந்தவள் மாதிரி. "அக்கா, கண்ணாடியாக்கா இது? ரெண்டாப் போச்சுக்கா." உள்ளங்கையைத் திறந்தாள். இரண்டு துண்டு. நொறுங்கவில்லை, உதிரவில்லை, ஒரே கோட்டில் வெட்டினதுபோலப் பிளந்திருந்தது, பிளந்த முகம் இரண்டும் மாசு மருவில்லாமல் மின்னியது, ஒன்றரை மாதத்தில் நான் பார்க்காத பக்கம். உள்ளே அத்தனை ஒழுங்காக அடுக்கியிருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன், மூக்கைத் துடைக்கக்கூடக் கை காலியாக இருந்தது. "நீங்க நகந்தப்ப" என்று ஆரம்பித்தாள் அந்தப் பிள்ளை, முடிக்கவில்லை. "ஆமா, தெரிஞ்சுதான் நகந்தேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கோபப்பட்டாளா, மன்னித்தாளா, தெரியவில்லை. அந்த வயதில் எனக்கும் முகத்தில் ஒன்றும் தெரியாது. துண்டுகளை என் கையில் வைத்துவிட்டு, கீழே கிடந்த ஊக்கையும் எடுத்து நீட்டினாள், ஊசி வளைந்திருந்தது, இனி எதற்கும் ஆகாது. அவளுக்கு ஒரு நல்ல ஊக்காகக் கொடுக்க வேண்டும் என்று கை தானாகத் தோள்பட்டைக்குப் போனது, போன கையை இறக்கிக்கொண்டேன். "அடுத்த தடவ கத்து" என்றேன். "கத்துனா யாராச்சும் கேப்பாங்களாக்கா?" என்றாள். "நான் இந்த வண்டியிலதான் வருவேன்" என்றேன், அது பொய், நான் இந்த வண்டியில் வருவதில்லை. இனி வந்தால்தான் என்ன? காட்டூரில் அவள் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள், இறங்கித் திரும்பிப் பார்க்கவில்லை. போன் மூன்றாம் முறை அடித்தது. இந்தத் தடவை எடுத்தேன். "எங்க இருக்கீங்க சகாயமேரி, எத்தன தடவ அடிக்கிறது, அங்க மிஷின போட்டுட்டு காத்துட்டு இருக்காங்க, கிரிஸ்டல் பத்திரமா?" ஈரக்கையில் துண்டுகள் இரண்டும் சூடேறிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரியது இயந்திரத்துக்குப் போதுமா போதாதா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அந்த வயலைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வாள் என்றும் தெரியாது.

"வருது சார்" என்றேன். "ரெண்டா வருது."